எட்டாம் வகுப்பில் தள்ளிப்போகும் தூக்கம்

மூன்றாம் வகுப்பில் சோற்றுத் தட்டின் முன்பே தூங்கி வழிந்த பிள்ளை, எட்டாம் வகுப்பில் இரவு பதினோரு மணிக்கும் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாள். காலையில் எழுப்பினால் போர்வைக்குள் இன்னும் சுருண்டுகொள்கிறாள். செல்போன்தான் காரணம் என்று வீட்டில் தீர்ப்பாகிவிடும். செல்போனுக்கும் பங்கு உண்டு. ஆனால் பருவமடையும்போது எலிகளுக்கும் ரீசஸ் குரங்குகளுக்கும்கூட இந்த நேர மாற்றம் வருகிறது. அவை செல்போன் பார்ப்பதில்லை.

கண்ணிலிருந்து வரும் நரம்புகள் மூளைக்குள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே ஏறக்குறைய இருபதாயிரம் நரம்பணுக்கள் கொத்தாக இருக்கின்றன. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். உடலைத் தூக்கத்துக்குத் தயார்செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் இருட்டியபின் எப்போது சுரக்க வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. பருவமாற்றம் தொடங்கியதும் அந்த நேரம் ஒன்றிரண்டு மணி பின்னால் நகர்கிறது, தூக்கமும் தாமதமாகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் தூக்கத்தின் தேவை, குழாயடியில் வைத்த குடம்போல் நிறைந்துகொண்டே வரும். சிறு பிள்ளைக்குக் குடம் எட்டு மணிக்கே தளும்பிவிடுகிறது. வளரிளம் பருவத்தில் குழாய் மெதுவாக ஒழுகுகிறது.

குடம் மெதுவாக நிறைந்தால் தேவையும் குறைந்துவிட்டது என்றுதானே தோன்றும்? 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தூக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்கடான் கோடைமுகாம் நடத்தி, அதே பிள்ளைகளை ஆண்டுதோறும் அழைத்து, பத்து மணி நேரம் படுக்கவைத்து அளந்து பார்த்தார். வயது ஏறியும் தூக்கம் குறையவில்லை. ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் தூங்கினார்கள். அப்படித் தூங்கியும் பருவமாற்றத்தின் நடுவில் இருந்தவர்களுக்குப் பகலில் முன்பைவிட அதிகமாகக் கண்ணைச் சுழற்றியது.

பதினோரு மணிக்குக் கண்ணயர்ந்தவளை, விடிகாலையில் படித்தால்தான் மனத்தில் நிற்கும் என்று நான்கு மணிக்கு எழுப்புகிறோம். கனவுகள் மிகுந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் கடைசிப் பகுதியில்தான் வருகிறது, வெட்டுப்படுவது அதுதான். பகலில் படித்ததை மூளை அடுக்கிப் பதிய வைப்பதும் தூக்கத்தில்தான். அதிகாலைப் படிப்பின் அருமையைச் சொல்லும் தாத்தா பொய் சொல்லவில்லை. முதுமையில் கடிகாரம் முன்னால் நகர்கிறது, அவருக்கு நான்கு மணி இனிக்கிறது.

இந்தக் கடிகாரத்தை ஓரளவு திருப்ப முடியும். அதற்கான கைப்பிடி வெளிச்சம். எழுந்ததும் வாசல் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் கடிகாரம் முன்னால் நகரும், மாலை வெளிச்சம் அதைப் பின்னால் தள்ளும். மாலை வெளிச்சத்தில் மெலடோனின் அடங்கிப்போவது பருவமாற்றத்தின் தொடக்கத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் மூத்தவர்களைவிட அதிகம். எனவே இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கூடத்து டியூப் லைட்டை அணைத்துவிட்டுச் சின்ன விளக்கைப் போடுவது, போனைப் பிடுங்குவதைவிடச் சண்டை குறைவான வழி. ஞாயிறு நண்பகல்வரை தூங்கவிடுவது மட்டும் வேண்டாம், திங்கள் காலை இன்னும் மோசமாகும்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றியது. கிடைத்த நேரத்தையும் விழித்தே கழிப்பார்கள் என்று சந்தேகித்தவர்கள் உண்டு. மாணவர் கையில் கட்டிய கருவிகள் அளந்து சொன்னது: நாளுக்கு 34 நிமிடம் கூடுதல் தூக்கம். நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் முதல் மணி ஒன்பதை ஒட்டித்தான் அடிக்கிறது. ஆனால் டியூஷனும் சிறப்பு வகுப்பும் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுகின்றன.