சிகிச்சை மையத்தில் கற்றது வீட்டில் நிலைக்க: முன்னாள் படைவீரர்களின் மூளைக்காய மறுவாழ்வு

தலை பலமாக உலுக்கப்படும்போது மூளைக்குள் நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமாகின்றன. லேசான மூளைக்காயத்தில் சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் எதையும் காட்டாது. 2000-க்குப் பிறகு அமெரிக்கப் படைகளில் பதிவான 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மூளைக்காயங்களில் 80 சதவீதத்துக்கு மேல் இந்த வகைதான். அவற்றில் பெரும்பாலானவை போர்முனையில் நேர்ந்தவையும் அல்ல. பயிற்சி, வாகன விபத்து, விளையாட்டு, கீழே விழுதல் ஆகியவற்றால் வந்தவை.

ஆளைக் கண்டறிவதுதான் முதல் வேலை. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பியவர்களிடம் அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை 2007 முதல் நான்கு படிகளில் விசாரிக்கிறது. தலையை உலுக்கும்படி ஏதாவது நடந்ததா, உடனே மயக்கமோ குழப்பமோ வந்ததா, பிறகு தொந்தரவு தொடங்கியதா, இப்போதும் இருக்கிறதா என்பவை அந்தக் கேள்விகள். நான்குக்கும் ‘ஆம்’ என்றால் முழுப் பரிசோதனை. அந்த ‘ஆம்’களை மட்டும் வைத்து நோயை முடிவு செய்யக் கூடாது. போர் அதிர்ச்சியின் பின்விளைவான மனநெருக்கடியிலும் தூக்கமின்மை, எரிச்சல், மறதி எல்லாம் உண்டு. பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

அதனால் சிகிச்சையின் வரிசை முக்கியம். தூங்காத மூளைக்கு நினைவாற்றல் பயிற்சி ஏறாது. முதலில் தூக்கம், தலைவலி, மனநெருக்கடி ஆகியவற்றைக் கையில் எடுக்க வேண்டும். மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை விழுங்கினால், காலப்போக்கில் அந்த மாத்திரையே தலைவலியைத் தூண்டும். எத்தனை நாள் மாத்திரை போட்டார் என்று நேரடியாகக் கேட்டால்தான் இது வெளியே வரும்.

அடுத்தது நினைவாற்றல். டெக்சாஸில் 126 படைவீரர்களிடம் நடந்த ஆய்வில் 6 வாரப் பயிற்சிகள் ஒப்பிடப்பட்டன. கணினியில் தாமாகவே பயிற்சி செய்தவர்களைவிட, சிகிச்சையாளர் நேரில் வழிநடத்தியவர்கள் அன்றாட வாழ்வின் மறதித் தொல்லைகள் குறைந்ததாகச் சொன்னார்கள். மென்பொருள் வாங்கி வைத்தால் திட்டம் நடந்துவிடும் என்று நினைக்கும் நிர்வாகிகள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

கைபேசி அலாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘காலை 8 மணி’ என்று மட்டும் வைத்தால் பயன் இல்லை. மணி அடித்ததும் அணைத்துவிடுவார்; எதற்கு அடித்தது என்பது மறந்துபோகும். ‘நீல டப்பாவில் உள்ள மாத்திரை’ என்று அலாரத்திலேயே எழுத வேண்டும். மாத்திரையை விழுங்கிய பிறகே அணைப்பது என்ற ஒழுங்கைப் பழக்க வேண்டும். முதலில் சிகிச்சையாளர் பக்கத்தில் இருந்து, தவறு நேர விடாமல் படிப்படியாகச் செய்யவைப்பார். பிறகு மையத்துக்குள் உண்மையான வேலைகளுக்கு, கடைசியாக வீட்டிலும் வேலையிடத்திலும். மூன்றாவது கட்டத்தைத் தவிர்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவதுதான் பல திட்டங்களின் பெரிய ஓட்டை. புதிய சூழலில் பழைய பழக்கம் தானாக எழுந்து வராது. காயம்பட்ட மூளைக்கு அது இன்னும் கடினம். வீரரை வீட்டுக்கு அனுப்பும் நாளில் மட்டும் மனைவியோ பெற்றோரோ அறிவுரை கேட்டால் போதாது. பயிற்சியிலேயே அவர்களும் உட்கார வேண்டும்.

இலக்கும் அளக்கத்தக்கதாக இருக்கட்டும். ‘நினைவாற்றல் கூட வேண்டும்’ என்பதை யாராலும் அளக்க முடியாது. ‘வாரத்தில் 7 நாளும் யாரும் நினைவூட்டாமல் மாத்திரை எடுப்பார்’ என்றால் அளக்கலாம். சேரும்போதும், முடிக்கும்போதும், 3 மாதம் கழித்தும் அதே அளவுகோலால் பார்க்க வேண்டும். அந்த மூன்றாவது அளவீடுதான் உண்மையைச் சொல்லும், அதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

திட்டத்தைத் தொடங்குவதைவிட நடத்திக்கொண்டே போவது கடினம். அமெரிக்காவில் 2005-இல் உருவான பன்முகக் காயச் சிகிச்சை அமைப்பு (உடலின் பல பகுதிகளில் சேர்ந்து காயம்பட்ட வீரர்களுக்கானது) இதற்கு அடுக்கு முறையைக் கையாள்கிறது. கடுமையான காயங்களுக்கு ரிச்மண்ட், டாம்பா, மினியாபொலிஸ், பாலோ ஆல்டோ, சான் ஆண்டோனியோ என ஐந்து பெரிய மையங்கள். அவற்றுக்குக் கீழே வட்டார மையங்கள், உள்ளூர் மருத்துவக் குழுக்கள். எந்த அடுக்கில் இருந்தாலும், வீரரின் கோப்பைத் தொடர்ந்து கையில் வைத்திருக்கும் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வேண்டும்.

இந்த இடத்தில்தான் திட்டங்கள் நொறுங்குகின்றன. ஒருங்கிணைப்பாளர் மாற்றலாகிப் போனால், அவர் மனதில் இருந்த தகவலும் போய்விடும். வாரந்தோறும் குழு கூடி ஒவ்வொருவரின் இலக்கையும் பொதுக் கோப்பில் எழுதி வைப்பது, மாற்று ஆளை முன்பே பழக்குவது, வரத் தவறியவரை அதே வாரத்தில் தொலைபேசியில் அழைப்பது ஆகிய மூன்றையும் ஊழியர்களின் பணிநேரத்திலேயே ஒதுக்கித் தர வேண்டும். மறதியுள்ளவர் மறந்து வராமல் போவதை ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிப் பெயரை நீக்குவது பெரும் அநியாயம். முந்தைய நாள் ஒரு குறுஞ்செய்தி, தொலைவில் இருப்பவருக்குக் காணொளி வழிச் சந்திப்பு என்று முதல் வாரத்திலேயே ஏற்பாடு செய்துவிட வேண்டும்.