இன்ஸ்பெக்டர்: ஆய்வாளரா, ஆய்வியா?

இன்ஸ்பெக்டர் என்றதும் நமக்குக் காக்கிச் சட்டைதான் கண்முன் வரும். எண்ணெய் வயல்களுக்கு நிலத்தடி மாதிரி கட்டுபவர்களுக்கோ அது திரையோரம் திறக்கும் ஒரு சின்னப் பெட்டி. 1990களில் நார்வேயில் உருவாகி, 2002இல் ஸ்லம்பர்ஜர் நிறுவனத்தின் கைக்கு வந்த பெட்ரெல் மென்பொருளைப் புழங்குபவர்கள் இந்தச் சொல்லை அடிக்கடி சொல்வார்கள். முப்பரிமாணப் படத்தில் ஒரு கிணற்றையோ பிளவையோ பாறை அடுக்கையோ சொடுக்கினால், அது என்ன பொருள், அந்த இடத்தில் அதன் மதிப்பு என்ன என்று எழுத்திலும் எண்ணிலும் காட்டும் வசதி அது.

படமே கண்முன் இருக்கும்போது எண் எதற்கு? வட கடலில் நார்வேக்குச் சொந்தமான வோல்வ் வயலை எடுத்துக்கொள்வோம். அங்கே எண்ணெய் இருந்தது கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 2,750 மீட்டரிலும் அதற்குக் கீழும் உள்ள ஜுராசிக் கால மணற்பாறையில். 2008 முதல் 2016 வரை எண்ணெய் எடுத்தார்கள். 2018இல் அந்த வயலின் தரவுகளைப் படிப்பவர்களுக்காகத் திறந்துவிட்டார்கள். அவ்வளவு ஆழத்தில் உள்ள பாறையை யாரும் நேரில் போய்ப் பார்க்க முடியாது. அதனால் பாறையைச் சின்னச் சின்னச் செல்களாக வெட்டி, ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு மதிப்பைக் கொடுத்து, அதற்கு நிறம் பூசுகிறார்கள்.

வம்பு அந்த நிறத்தில்தான். கிணற்றில் கருவி எதையும் அளக்காத இடத்தில், ‘அளவீடு இல்லை’ என்பதற்கு அடையாளமாகத் தரவுக் கோப்பில் -999.25 என்று எழுதுவது எண்ணெய்த் துறை வழக்கம். அது வெறும் அடையாளம் என்று மென்பொருளுக்குச் சொல்லாமல் விட்டால், அதையும் ஒரு மதிப்பாகக் கணக்கில் சேர்த்துவிடும். நுண்துளைமையை, அதாவது பாறையில் துளைகளின் பங்கு எவ்வளவு என்பதை, எடுத்துக்கொள்வோம். ஒரு செல்லுக்குள் பத்து அளவீடுகள் விழுகின்றன, ஒன்பது 0.20, ஒன்று -999.25 என்று வைத்துக்கொள்வோம். சராசரி -99.745 என்று வரும். நுண்துளைமைக்கு இப்படி ஒரு மதிப்பு இருக்கவே முடியாது. ஆனால் நிற அளவுகோல் 0 முதல் 0.3 வரைதான் என்றால், பூஜ்யத்துக்குக் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே ஊதா நிறம். பக்கத்திலுள்ள களிப்பாறையும் அதே ஊதா. கண்ணுக்குத் தப்பே தெரியாது. அந்தச் செல்லைச் சொடுக்கி எண்ணைப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

ஒரு செல் 50 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 1 மீட்டர் தடிமன் என்றால் 2,500 கன மீட்டர் பாறை. நுண்துளைமை 0.20 எனில் 500 கன மீட்டர் துளையிடம். அந்த 500 கன மீட்டரும் ஒரு தப்பான ஊதாவில் காணாமல் போய்விடும்.

சரி, சொல்லுக்கு வருவோம். லத்தீனில் ‘ஸ்பெகெரே’ என்றால் பார்ப்பது. ‘இன்’ சேர்ந்தால் உள்ளே பார்ப்பது. நாம் கண்ணாடியை ஸ்பெக்ஸ் என்கிறோமே, அதுவும் இந்த வேரில் வந்ததுதான். பழைய ரோமில் பலி விலங்கின் ஈரலைப் பார்த்துக் குறி சொன்னவர்களின் பெயரான ‘ஹாருஸ்பெக்ஸ்’ என்பதிலும் இதே வேர் இருக்கிறது. இத்தாலியில் பியாசென்சா அருகே 1877இல் ஒரு வெண்கல ஈரல் கிடைத்தது. ஆட்டு ஈரலின் மாதிரி. கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எட்ரஸ்கன் மொழியில் தெய்வப் பெயர்கள் பொறித்திருக்கிறார்கள். செல் செல்லாகப் பிரித்த மாதிரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஈரல் நினைவுக்கு வருகிறது.

கணினிக்குள் இந்தச் சொல் வேரூன்றியதில் ஸ்மால்டாக் மொழிக்குப் பெரிய பங்கு உண்டு. 1970களில் கலிஃபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பிறந்த மொழி அது. அதில் எந்தப் பொருளையும் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் சாளரத்துக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர்.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? ஆய்வாளர் என்பது மனிதருக்கான சொல். ‘அர்’ விகுதி கருவிக்கு ஒட்டாது. துருவி என்றும் சொல்லலாம். துருவித் துருவிக் கேட்பது என்ற வழக்கு நம்மிடம் இருக்கிறது. ஆனால் துருவினால் தேங்காய் கரையும்; இந்தக் கருவி வெறுமனே பார்ப்பதால் எதுவும் தேய்வதில்லை. என் தேர்வு ஆய்வி. உலவி, செயலி வரிசையில் இயல்பாக உட்காரும் சொல்.

‘ஆய்’ என்ற வினை நம் அடுக்களையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கீரையை ஆய்கிறோம்: ஒவ்வொரு தண்டாக எடுத்து, பழுத்ததையும் பூச்சி அரித்ததையும் தள்ளி, நல்ல இலையைக் கிள்ளுகிறோம். கட்டாகப் பார்த்தால் எல்லாம் பச்சைதான். யாழ்ப்பாணத்தில் பூப் பறிப்பதையும் பூ ஆய்வது என்பார்கள். தொல்காப்பிய உரியியல் ‘ஆய்தல்’ என்பதற்கு ‘உள்ளதன் நுணுக்கம்’ என்று பொருள் தருகிறது.

முழுப்பெயர் வேண்டுமென்றால் ‘பொருள் ஆய்வி’. பேச்சில் ஆய்வி போதும்: “அந்த ஊதாச் செல்லை ஆய்வியில் பாருங்க, என்ன எண் வருது?”