குறுந்துயிலர்

நாலு மணிநேரம், மிஞ்சினால் ஆறரை மணிநேரம் தூங்கினாலே போதும். மறுநாள் முழுக்கச் சோர்வே தெரியாது. இப்படிப் பிறவியிலேயே அமைந்தவர்களை ஆங்கிலத்தில் ‘ஷார்ட் ஸ்லீப்பர்’ என்பார்கள். தமிழில் சிலர் ‘தூக்கமின்மை உள்ளவர்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது இன்சோம்னியா, படுத்தும் தூக்கம் வராமல் புரளும் கோளாறு. இவர்களுக்குத் தூக்கம் நன்றாகவே வரும், சீக்கிரம் நிறைந்துவிடும், அவ்வளவுதான்.

இது வெறும் பழக்கமல்ல என்பது 2009இல் தெரிந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் யிங்-ஹுய் ஃபூவின் குழு ஒரு தாயையும் மகளையும் ஆராய்ந்தது. இரவு பத்து, பத்தரைக்குப் படுப்பார்கள். விடியற்காலை நாலு, நாலரைக்கெல்லாம் எழுந்துவிடுவார்கள். சராசரித் தூக்கம் 6.25 மணிநேரம். அதே குடும்பத்தில் மற்றவர்களுக்கு எட்டு மணிநேரம் வேண்டியிருந்தது. இந்த இருவரிடம் மட்டும் டெக்2 என்ற மரபணுவில் ஒரு சிறு மாற்றம். அதையே எலிகளுக்குப் புகுத்தியபோது எலிகளும் குறைவாகத் தூங்கின. 2019இல் வேறொரு குடும்பத்தில் ஏடிஆர்பி1 என்ற மரபணுவும் சிக்கியது. மருத்துவப் பெயரில் ‘ஃபெமிலியல்’, அதாவது குடும்பவழி வருவது, என்ற அடைமொழி சேர்வது இதனால்தான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘உறங்கா’ என்ற முன்னொட்டு நம்மிடம் உண்டு. இராமானுசரின் சீடர் உறங்காவில்லிதாசர். திருக்கண்ணங்குடியில் இரவிலும் இலை மூடாது என்று தலபுராணம் சொல்லும் மரம் உறங்காப்புளி. ஆனால் அது அறவே உறங்காததைக் குறிக்கும், இங்கே பொருந்தாது. ‘தூங்கு’ என்பதற்குத் தொங்கு என்ற பழம்பொருள் இன்னும் போகவில்லை, தூக்கணாங்குருவியே சாட்சி. ‘துஞ்சு’ அழகான சொல்தான். என்ன செய்வது, சோழ மன்னன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் அங்கே தூங்கவில்லை, இறந்துபோனான்!

மிஞ்சுவது ‘துயில்’. குறுமை சேர்ந்தால் குறுந்துயில். அந்த இயல்புள்ளவர் குறுந்துயிலர். பரம்பரையாக வருவதைக் குடிவழிக் குறுந்துயில் எனலாம். ‘குறைதுயில்’ என்றும் சொல்லிப் பார்க்கலாம், ஆனால் ‘குறை’ என்றதும் ஏதோ பற்றாக்குறை என்ற எண்ணம் வந்துவிடும்.

அலாரம் வைத்து எழுந்து, காபியில் ஓட்டி, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை தூங்குகிறவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். அவர் தூக்கக்கடன்காரர். குறுந்துயிலர் ஞாயிற்றுக்கிழமையும் நாலரைக்கே எழுந்துவிடுவார், அலாரம் இல்லாமல்.