முதுகெலும்பு அறுவைக்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்கினால்

அறுவை முடிந்து ஐந்து வாரங்களாக இடது கால் வீங்கியிருந்தும், "நடக்காததால் நீர் கோத்திருக்கிறது" என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவரைச் சென்ற வாரம் பார்த்தேன். இந்த ஆண்டில் அவர் மூன்றாமவர் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அடிவயிறு கனக்கிறதா என்று கேட்டதற்கு, "ஆபரேஷன் முதுகில்தானே டாக்டர், வயிற்றுக்கு என்ன?" என்றார். முதுகெலும்பு என்றதும் எல்லோரும் முதுகுத்தோலை நினைக்கிறார்கள். ஆனால் கையால் தடவினால் தட்டுப்படுவது அதன் பின்முனை மட்டுமே. உடல் எடையைத் தாங்கும் பருத்த பகுதியும் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் இடைவட்டுகளும் (டிஸ்க்) வயிற்றின் பின்சுவரில், பெருந்தமனிக்கும் பெருஞ்சிரைக்கும் சிறுநீர்க்குழாய்களுக்கும் அருகில் இருக்கின்றன. ஆகவே கீழ்வட்டை மாற்றச் சில அறுவைகளில் வயிற்றின் முன்புறமோ விலாப்புறமோ திறந்து செல்கிறோம். தழும்பு வயிற்றில் இருக்கிறதென்றால் அறுவையும் வயிற்றின் வழியாகத்தான் நடந்திருக்கிறது.

அவ்வழியில், திசுக்களில் தேங்கும் நீரைத் திரட்டி இரத்தத்துக்குத் திருப்பும் நிணநீர்க் குழாய்களும் உண்டு. பட்டினியாக அறுவை மேசைக்கு வரும் நோயாளியின் நிணநீர் தண்ணீர்போல் தெளிந்திருப்பதால், அறுந்த குழாய் எங்கள் கண்ணுக்கும் எளிதில் அகப்படாது. கசிவு பெரும்பாலும் தானே நின்றுவிடும். அரிதாக, வாரக்கணக்கில் தேங்கிப் பை போலாகிச் சிரையை அழுத்தினால் கால் வீங்கும், சிறுநீர்க்குழாயை அழுத்தினால் சிறுநீரகம் விரியும்.

ஒற்றைக்கால் வீக்கத்துக்கு முதலில் காலின் சிரை ஸ்கேன்தான், அன்றே. இரத்த உறைவு உயிருக்கே ஆபத்து. அதில் உறைவு இல்லையென்றதும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடாதீர்கள், வயிற்றையும் ஸ்கேன் செய்யச் சொல்லிக் கேளுங்கள். தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள்: உறைவு இருந்தால் அது பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம்.

அறுவையில் வைத்த வடிகுழாயில் பால்நிறத் திரவம் வந்தால் சீழ் என்று முடிவுகட்டி ஆன்டிபயாட்டிக் கேட்டு நச்சரிக்க வேண்டாம். சாப்பிடத் தொடங்கியபின் குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்துவரும் நிணநீருக்கு அந்த நிறம்தான்; அத்திரவத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பின் அளவு டெசிலிட்டருக்கு 110 மில்லிகிராமைத் தாண்டினால் ஏறத்தாழ உறுதி. கொழுப்பு குறைத்த உணவிலேயே பலருக்குக் கசிவு அடங்கும். அடங்காதவர்களுக்குத்தான் கசியும் குழாயை ஊசிவழி அடைப்பதும் மறு அறுவையும்.

வேறு மருத்துவரிடம் போகும்போது தயவுசெய்து டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொடுங்கள், வயிற்றுத் தழும்பையும் காட்டுங்கள். "முதுகு ஆபரேஷன்" என்று மட்டும் கேட்டவருக்கு வயிற்றைப் பார்க்கத் தோன்றாமல் போகலாம்.