ரம்பொடை ஏற்றத்தில் கூட்டம் ஏன் பிரிகிறது?

ஒரு தோட்டப் பாடசாலைக்கு நூலகம் போடப் பணம் சேர்ப்பதற்காக பதினெட்டுப் பேர் சைக்கிளில் புறப்பட்டோம். நான்கு நாள் பயணம். ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு என்று சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் பணம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், அதனால் பாதியில் யாரும் லொறியில் ஏறக்கூடாது என்பதில் எல்லோருக்குமே பிடிவாதம் இருந்தது. முதல் நாள் புத்தளத்திலிருந்து குருநாகல் வரை ஒரே வரிசையாகத்தான் வந்தோம். மூன்றாம் நாள் கம்பளையிலிருந்து மலையேறி நுவரெலியா. புசல்லாவை தாண்டும்போதே மூன்று கூட்டமாகிவிட்டோம், ரம்பொடையில் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இடைவெளி.

பின்னால் வந்தவர்கள் மனம் நொந்துபோனார்கள். சமதரையில் அதே ஆட்கள் யாருக்கும் சளைக்காமல் வந்தவர்கள்தான். காரணம் காற்றில் இருக்கிறது.

சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஒருவர் பெடலில் கொடுக்கும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போய்விடும். காற்றைத் தள்ளத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். இதனால் பலமான ஆள் எவ்வளவு மிதித்தாலும் பெரிதாக முந்த முடியாது. 20 சதவீதம் பலம் குறைந்த ஒருவர் 30க்குப் பதில் 27.5 கிலோமீட்டர் வேகத்தில் வருவார், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தையும் முன்னால் போகிறவரின் முதுகு சரிக்கட்டிவிடும். ஒருவருக்குப் பின்னால் நெருக்கமாக ஓடினால் உழைப்பில் நான்கில் ஒரு பங்கு வரை, சில நேரம் அதற்கு மேலும் மிச்சமாகும். வரிசையாக ஓடும்போது பலமான ஆட்கள் மற்றவர்களுக்காகக் காற்றை உடைத்துக்கொடுக்கிறார்கள் என்று சொன்னால் அது மிகையே இல்லை.

இப்போது ஏற்றத்துக்கு வருவோம். ஆளும் சைக்கிளும் பையுமாக 90 கிலோ என்று வையுங்கள். 100 மீட்டர் ஓடினால் 8 மீட்டர் உயரும் ஏற்றத்தில், மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏற சுமார் 170 வாட் வேண்டும். அதில் காற்றுக்குப் போவது வெறும் 3 வாட். கொஞ்சம் டயருக்குப் போகும், மீதி முழுவதும் பாரத்தைத் தூக்குவதற்கு. அதாவது முன்னால் போகிறவரின் முதுகால் இங்கே ஒரு பிரயோசனமும் இல்லை. 20 சதவீதம் பலம் குறைந்தவர் சரியாக 20 சதவீதம் மெதுவாகத்தான் ஏறுவார்: ஒருவர் நான்கு மணித்தியாலத்தில் ஏறினால் மற்றவருக்கு ஐந்து மணித்தியாலம். இதில் யாருடைய குறையும் இல்லை.

கியர் இல்லாத சைக்கிளில் வந்த இரண்டு தம்பிமாருக்குப் பாடு இன்னும் அதிகம். அந்தச் சைக்கிளில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் 5 மீட்டர் போகும். மலைக்கான கியரில், முன் பற்சக்கரத்திலும் பின் பற்சக்கரத்திலும் பல் எண்ணிக்கை சமமாக இருந்தால், ஒரு சுற்றுக்கு 2 மீட்டர்தான். செய்யும் வேலை ஒன்றுதான், ஆனால் அதைச் சின்னச் சின்னத் துண்டாக்கிக் கால்களுக்குக் கொடுக்கிறது கியர். ரம்பொடையிலிருந்து லபுக்கலைக்கு ஏறும் கொண்டையூசி வளைவுகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. அந்தப் பாதையில் பூ விற்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள், ஒரு வளைவில் பூவை நீட்டிவிட்டு, தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் ஓடி அடுத்த வளைவில் மறுபடி வண்டிக்கு முன்னால் நிற்பார்கள். குறுக்குப் பாதைக்கும் வீதிக்கும் உயர வித்தியாசம் ஒன்றேதான். வீதி அதே உயரத்தை நீளமான தூரத்தில் பரப்பி வைத்திருக்கிறது.

சரி, மொத்தக் கணக்கு என்ன? கம்பளை கிட்டத்தட்ட 480 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1868 மீட்டர். 90 கிலோவை 1400 மீட்டர் தூக்க ஏறக்குறைய 295 கிலோகலோரி போதும். ஆனால் நம் தசை சாப்பாட்டுச் சக்தியில் கால் பங்கைத்தான் பெடலுக்குக் கொடுக்கும், முக்கால் பங்கு சூடாகப் போய்விடும். ஆக 1200 கிலோகலோரி, அதாவது 300 கிராம் சீனி, ஏறுவதற்கு மட்டும். தசையிலும் ஈரலிலும் மாவுச்சத்தாகச் சேர்ந்திருப்பது 400, 500 கிராம் அளவுதான். கம்பளையில் வெறும் பிளேன்டீயோடு கிளம்பிய ஒருவருக்கு ரம்பொடைக்கு முன்பே கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு பணிஸும் இரண்டு வாழைப்பழமும் தின்று இருபது நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் எழுந்தார். பசிக்குமுன் தின்ன வேண்டும், ஏற்றத்தில் இதுதான் முதல் விதி.

அந்த முக்கால் பங்குச் சூட்டுக்கு இன்னொரு விளைவு உண்டு. மெதுவாக ஏறும்போது உடம்பில் காற்றுப் படாது, வியர்வை காயாமல் சட்டை ஊறிவிடும். மிதிப்பதை நிறுத்திய நிமிடமே உடம்பின் அடுப்பு அணைகிறது, ஈரச் சட்டை மட்டும் மிஞ்சுகிறது. ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் வெப்பநிலை 6, 7 பாகை இறங்குவதால் லபுக்கலையில் கம்பளையின் வெயில் கிடையாது, பனிமூட்டந்தான். அங்கே கடை வைத்திருந்த அக்கா எங்களைப் பார்த்ததும், "தம்பி, உட்காராதீங்க, மொதல்ல சட்டைய மாத்துங்க" என்றார். முன்னால் வந்தவர்கள் பின்னால் வருபவர்களுக்காக வளைவில் நின்று காத்திருந்து நடுங்கியது அதனால்தான். காத்திருப்பது நல்ல மனசு, ஆனால் கூரைக்குக் கீழே, காய்ந்த சட்டையோடு காத்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் ஹக்கலை தாண்டி வெலிமடைப் பக்கம் இறக்கம். ஏறும்போது சேர்த்த சக்தியை இப்போது எங்காவது கொட்ட வேண்டும். அதே 8 சதவீத இறக்கத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் தாண்டாமல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் சுமார் 320 வாட் சூடு ரிம்மில் இறங்கும், அயன் பெட்டி ஒன்றின் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் மெல்லிய அலுமினியத்தில். உள்ளே இருக்கும் டியூப்பின் காற்று சூடாகி அழுத்தம் கூடும். எங்களில் ஒருவருக்கு டியூப் வெடித்தது அப்படித்தான், நல்ல காலம், நேரான வீதியில். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, நேர்ப் பாதையில் விட்டுவிட வேண்டும். அப்போது காற்றே பாதி வேலையைச் செய்யும், ரிம்மையும் ஆற்றும்.

மூன்றாம் நாள் இரவே ஏற்பாட்டை மாற்றிவிட்டோம். சமதரையில் வரிசை, பலமானவர்கள் முறை வைத்து முன்னால். ஏற்றத்தில் அவரவர் வேகம், கூரையுள்ள கடையில் சந்திப்பு. கடைசி ஆளோடு ஒருவர் எப்போதும் கூடவே வருவார், காற்றுக்கு மறைப்பாக அல்ல, பேச்சுத் துணைக்கு. பண்டாரவளைக்குப் போகும் ஏற்றத்தில் அந்த இடம் எனக்குக் கிடைத்தது. கியர் இல்லாத சைக்கிளில் வந்த தம்பியோடு கதைத்துக்கொண்டே, சில இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு, நாங்கள் இருவரும் பின்னேரம் நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.