கேமராவைத் தாங்குவது ஸ்குரு இல்லை

சுங்கை சிப்புட் பக்கத்துத் தாமான்களில் இப்போது வீட்டுக்கொரு கேமரா. மோட்டார்சைக்கிள், கேஸ் தோங், வாசலில் விட்ட புதுச் சப்பாத்து என்று காணாமல் போகிறவற்றின் பட்டியல் நீளமானது, அதனால் யாரையும் குறை சொல்ல முடியாது. எத்தனை மெகாபிக்சல், இரவில் தெரியுமா, போனில் வருமா என்றெல்லாம் அலசி ஆராய்ந்து வாங்குகிறோம். ஆனால் பெட்டியின் அடியில் சின்னப் பையில் கிடக்கும் ஸ்குருக்களையும் பிளாஸ்டிக் பிளக்குகளையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பிளக்கைப் பற்றியது.

முதலில் ஒரு கேள்வி. மரத்தில் ஸ்குருவை நேராகவே ஏற்றுகிறோம். செங்கல் சுவரில் மட்டும் ஏன் பிளக் தேவைப்படுகிறது? மரம் நார்களால் ஆனது. ஸ்குருவின் மரை நார்களை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. ஒதுங்கிய நார்கள் பழைய இடத்துக்கு வரப் பார்த்து மரையை இறுக்கிப் பிடிக்கின்றன. செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் அந்த நெளிவு கிடையாது. மரை பட்ட இடம் வளையாமல் தூளாகிவிடும். துளை ஸ்குருவைவிடப் பெரிதாகிப் போகும், பிடிக்க ஒன்றும் மிஞ்சாது.

பிளக் இந்த இடத்தில்தான் நுழைகிறது. அதன் முன்பாதி கால்கள்போல் பிளந்திருக்கும். ஸ்குரு உள்ளே போகப் போக அந்தக் கால்கள் பக்கவாட்டில் விரிந்து துளையின் சுவரை நெருக்கும். சுவர் நகர முடியாதே, அதே பலத்தோடு திருப்பி நெருக்கும். இந்த நெருக்கத்தில் பிறப்பதுதான் உராய்வு. வெளியே இழுக்கும் விசையை எதிர்த்து நிற்பது அந்த உராய்வு. நைலான் கொஞ்சம் இளகி, துளையின் சொரசொரப்பான மேடுபள்ளங்களில் படிந்தும் கொள்வதால் பிடி இன்னும் கூடுகிறது. ஆகவே ஸ்குருவின் வேலை ஆப்பு வேலை. கேமராவைத் தாங்கி நிற்பது சுவர் திருப்பிக் கொடுக்கும் நெருக்கம். சுவர் திடமாக இல்லாவிட்டால் எவ்வளவு தடித்த ஸ்குருவும் வீண்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இப்படி ஒரு பொருளே கிடையாது. உளியால் சுவரைக் குடைந்து, மரக்கட்டையை அடித்துச் செருகி, சுற்றிலும் பூசிவிட்டு அந்தக் கட்டையில்தான் ஸ்குரு ஏற்றுவார்கள். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் மின்சாதனங்கள் பொருத்தும் வேலை ஜான் ஜோசப் ராலிங்ஸுக்குக் கிடைத்தது. சுவரை அப்படிக் குதறக் கூடாது என்பது அங்கே எதிர்பார்ப்பு. 1911 வாக்கில் அவர் கண்டுபிடித்த வழி, சணல் நாரை விலங்கின் இரத்தத்தைப் பசையாக்கி ஒட்டிச் செய்த ஒரு சிறு குழாய். ராவல்பிளக் என்ற பெயர் அவர் பெயரிலிருந்து வந்தது. இன்று நம் கையில் இருக்கும் நைலான் வடிவத்தை 1958-இல் உருவாக்கியவர் ஜெர்மனியின் ஆர்ட்டூர் ஃபிஷர். அதற்குப் பத்தாண்டு முன்னதாக, கேமரா ஷட்டரோடு சேர்ந்து மின்னும் ஃபிளாஷ் விளக்கை வடிவமைத்தவரும் அவரேதான். பாதுகாப்புக் கேமராவுக்கு அந்த ஃபிளாஷ் வேண்டாம், பிளக் போதும்.

சரி, எவ்வளவு பலம் தேவை? ஒரு சாதாரணக் கேமரா 400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. கீழே இழுக்கும் விசை சுமார் 4 நியூட்டன். ஆனால் கேமராவைச் சுவரோடு பிணைக்கும் பிரேக்கட் ஒரு நெம்புகோல். அதன் கீழ் விளிம்பு சுவரில் ஊன்றிக்கொள்ள, மேல் ஸ்குரு வெளியே இழுபடும். கீழ் விளிம்புக்கும் மேல் ஸ்குருவுக்கும் இடையே 5 சென்டிமீட்டர் இருந்தால், மேல் ஸ்குருவை இழுக்கும் விசை இரட்டிப்பாகி 8 நியூட்டன் ஆகிறது. முக்கால் கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நல்ல செங்கல்லில் ஒழுங்காக உட்கார்ந்த 6 மில்லிமீட்டர் நைலான் பிளக்குக்கு இது ஒரு சுமையே இல்லை.

அப்படியென்றால் கேமராக்கள் ஏன் தொங்குகின்றன? எடையால் அல்ல. திருட வந்தவன் கேமராவைப் பிடித்துத் தொங்கினால், அல்லது ஏணியில் தடுமாறியவர் கைக்கு அகப்பட்டதைப் பற்றினால், 30 கிலோ கீழே இழுக்கும்போது மேல் ஸ்குருவில் 60 கிலோ ஏறும். கணக்கு அதேதான், எண் மட்டும் பெரிது. இதிலிருந்து ஒன்று புரியும்: பிரேக்கட்டில் மூன்று துளை முக்கோணமாக இருந்தால் இரண்டு துளை மேலே வரும்படி மாட்டுங்கள். இழுபடுவது மேல் பக்கம். பிரேக்கட்டின் கை எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

இனி சுவர். நம்மூரில் ஒரே தெருவில் மூன்று தலைமுறைச் சுவர்களைப் பார்க்கலாம். தோட்டத்து லயத்தில் பலகைச் சுவர், அதையொட்டிப் பின்னால் இழுத்துக் கட்டிய குசினியில் சிமெண்ட் ஷீட், தாமான் வீட்டில் கான்கிரீட் தூணும் பீமும் நடுவே செங்கல்லும். வெளியே எல்லாம் ஒரே பெயிண்ட் அடித்திருப்பதால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, தட்டிப் பார்த்தால் தெரியும்.

தாமான் வீட்டுச் சுவரில் முதலில் வருவது பூச்சு, ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். அது மணலும் சிமெண்டும் கலந்த மேல்தோல், அதை நம்பக்கூடாது. பெட்டியில் வரும் குட்டை பிளக் பல நேரம் பூச்சுக்குள்ளேயே முடிந்துவிடும். கால்கள் அங்கே விரிந்தால் பூச்சு வெடித்துப் பெயர்ந்து வரும், பிளக்கும் கூடவே வரும். பிளக்கின் விரியும் பகுதி முழுக்கச் செங்கல்லுக்குள் இருக்க வேண்டும். பெட்டியில் உள்ளதை ஒதுக்கிவிட்டு, பிளக் நீளம், பிரேக்கட் தடிமன் இரண்டையும் கூட்டி, அதற்கு மேல் ஸ்குருவின் விட்டம் அளவுக்கு நீளமான ஸ்குருவாகப் பார்த்து வாங்குவதே என் யோசனை. ஸ்குருவின் நுனி பிளக்கைத் தாண்டி எட்டிப் பார்த்தால்தான் கால்கள் முழுசாக விரியும்.

டிரில் போடும்போது தூளைப் பாருங்கள். முதலில் சாம்பல் நிறத் தூள் வரும், பூச்சு. பிறகு சிவந்தால் செங்கல்லுக்குள் போய்விட்டீர்கள், நல்லது. சிவக்காமல் சாம்பலாகவே வந்து, டிரில்லும் முக்கினால் அது கான்கிரீட் பீமாகவோ சிமெண்ட் கல்லாகவோ இருக்கலாம். பீமில் பிடி இன்னும் பலமானது, வேலைதான் கஷ்டம். டக்கென்று டிரில் நின்று உலோகச் சத்தம் கேட்டால் கம்பியில் இடித்திருக்கிறது. அழுத்தாமல் சில சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள். சட்டென்று உள்ளே விழுந்தால் வெற்றிடம். சாதாரண பிளக் அங்கே விரிந்தாலும் நெருக்க ஒன்றும் இல்லை. செங்கல்லின் ஓரத்துக்கு மிக அருகில் போடுவதும் ஆபத்து. கான்கிரீட்டும் செங்கல்லும் அழுத்தத்தைத் தாங்குவதில் கெட்டி, இழுவிசையைத் தாங்குவதில் பலவீனம். கான்கிரீட்டுக்கு இழுவிசை பலம் அழுத்த பலத்தில் பத்தில் ஒரு பங்குதான். பிளக் விரியும்போது சுற்றியுள்ள கல்லைப் பிளக்கத்தான் பார்க்கிறது. ஓரத்தில் தடுக்க ஆளில்லாமல் விரிசல் விட்டுவிடும்.

ஹாமர் டிரில் சுவரை அறுப்பதில்லை, இடித்து நொறுக்குகிறது. முனையில் உள்ள டங்ஸ்டன் கார்பைடு, சுற்றிக்கொண்டே நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை குத்துகிறது. நொறுங்கிய தூளைச் சுருள் பள்ளம் வெளியே கொண்டுவருகிறது. ஆனால் முழுவதும் வெளியே வராது. துளையில் தங்கிய தூள், தரையில் சிந்திய அரிசி காலைச் சறுக்கிவிடுவது மாதிரி பிளக்கைச் சறுக்கிவிடும், உராய்வு குறையும். பிளக் நீளத்தைவிட 1 சென்டிமீட்டர் ஆழமாகப் போட்டு, ஊதி எடுங்கள். வாயால் ஊத வேண்டாம், தூள் கண்ணுக்கும் நுரையீரலுக்கும்தான் வரும். பழைய சைக்கிள் பம்ப் இருந்தால் அருமை. சுவிட்சுக்கு நேர் மேலேயும் கீழேயும் மட்டும் துளை போடாதீர்கள், வயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஓடும்.

பலகைச் சுவருக்கு பிளக் வேண்டாம். ஸ்குருவைவிட மெல்லிய துளை போட்டு நேராக ஏற்றலாம், ஆனால் பலகையில் இல்லாமல் அதன் பின்னால் நிற்கும் சட்டத்தில் ஏற்ற வேண்டும். காரணம் கீழே வருகிறது. பழைய சிமெண்ட் ஷீட்டில் கைவைக்கவே வேண்டாம். பழைய ஷீட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், துளை போட்டால் அதன் நார் காற்றில் பறந்து நுரையீரலில் தங்கிவிடும். வேறு சுவரைத் தேடுங்கள்.

பலகை ஏன் கூடாது? அது அதிர்கிறது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி வாசலைக் கடக்கும்போது பலகையும் தகரக் கூரையும் சேர்ந்து ஆடும். கேமராவில் 100 பாகை அகலக் காட்சி, 2560 பிக்சல் என்றால், பாகைக்கு 25 பிக்சல். கேமரா 0.1 பாகை ஆடினாலே படம் முழுவதும் 2 அல்லது 3 பிக்சல் நகரும். நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அசைவைக் கண்டுபிடிக்கும் முறை அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். ஒன்றுமே நகராத வாசலில் எல்லாமே நகர்ந்ததாக அது நினைத்து, நடுராத்திரி போனைத் தட்டி எழுப்பும். இன்னொரு தொல்லையும் உண்டு. எச்.265 போன்ற சுருக்க முறைகள் முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டும் எழுதி இடத்தைச் சேமிக்கின்றன. படம் ஓயாமல் ஆடினால் எல்லாமே மாறியதாகிவிடும், மெமரி கார்டு சீக்கிரம் நிரம்பிப் பழைய பதிவு அழியும். தளர்ந்த ஒரு ஸ்குரு, பத்து நாள் பதிவைப் பாதியாக்கிவிடக்கூடும்.

மழையைப் பற்றிச் சுருக்கமாக. கேபிள் சுவருக்குள் போகும் துளை வெளிப்பக்கம் தாழ்ந்திருக்கட்டும். கேபிளைத் துளைக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். பிரேக்கட்டைச் சுற்றி சிலிக்கான் பூசும்போது மேலும் பக்கங்களும் போதும், அடியைத் திறந்து விடுங்கள். எப்படியோ புகுந்த நீர் வெளியேற வழி வேண்டும். ஸ்குரு எவர்சில்வராக இருக்கட்டும். இரும்பு துருவாக மாறும்போது தன் பருமனைப் போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பெருக்கும். சுவரில் வழியும் பழுப்புக் கோட்டைவிட மோசம், அந்தப் பெருக்கம் பூச்சை வெடிக்க வைப்பது. அப்புறம், கேமராவை வாசல் விளக்குக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். லென்சுக்கு முன்னால் கட்டிய வலை, இரவில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி பட்டு வெள்ளைத் திரையாகிவிடும்.

ஏற்கெனவே மாட்டிய பிளக் துளையிலேயே சுற்றுகிறதா? நெருப்புக்குச்சியைச் செருகி ஸ்குருவை முறுக்குவது நம் ஊர் வைத்தியம். ராலிங்ஸுக்கு முந்தைய மரக்கட்டை முறைதான் அது, சின்ன அளவில். அன்றைக்கு இறுகும், குச்சி ஈரத்தில் ஊதி வெயிலில் சுருங்கி மறுபடியும் தளரும். பழைய பிளக்கைப் பிடுங்கி, துளையை 8 மில்லிமீட்டராகப் பெரிதாக்கி, 8 மில்லிமீட்டர் பிளக்கும் அதற்கேற்ற தடித்த ஸ்குருவும் போடுங்கள். பிரேக்கட் துளையில் அந்த ஸ்குரு நுழையாவிட்டால், பிரேக்கட்டை 5 சென்டிமீட்டர் தள்ளி மாட்டிவிட்டு, பழைய துளையைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம்.