டோக்கியோ 1964 போஸ்டரின் கறுப்பு

வாசகர் ஒருவரின் கேள்வி: “டோக்கியோ ஒலிம்பிக்கின் ஓட்டப்பந்தய போஸ்டரைக் கண்காட்சியில் நேரில் பார்த்தேன். அதன் கறுப்பு அவ்வளவு ஆழமாக இருந்தது. கடையில் வாங்கிய மறுபதிப்பில் அதே கறுப்பு சாம்பல் பூத்துக் கிடக்கிறது. என்ன காரணம்?”

ஜப்பானியக் கலை என்றாலே ஜென் தத்துவம், வெற்றிடத்தின் அழகு என்று பதில் சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு. என் பார்வையில் அதுவும் ஒருவகை மூடநம்பிக்கைதான். இந்தக் கறுப்புக்குக் காரணம் செம்பு, ஜெலட்டின், செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு ஆகிய மூன்றும்.

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். போஸ்டரை வடிவமைத்தவர் கமெகுரா யூசாகு. 1930களில் கவகிதா ரென்ஷிசிரோ டோக்கியோவில் நடத்திய கலைப்பள்ளியில் படித்தவர். ஜெர்மனியின் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியின் பாடமுறையைத் தழுவிய பள்ளி அது. பிறகு அவர் வேலைக்குச் சேர்ந்த நிப்பான் கோபோ என்ற வடிவமைப்பு நிறுவனத்தை நிறுவிய நதோரி யோனொசுகேயும் ஜெர்மனியில் பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்துவிட்டுத் திரும்பியவர். படத்தையும் எழுத்தையும் ஒரே பக்கத்தில் எடைபோட்டு வைக்கும் பழக்கம் இப்படித்தான் வந்து சேர்ந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கின் போஸ்டர் வரிசையில் இரண்டாவதாக 1962இல் வெளியான இந்தப் போஸ்டருக்குப் படம் எடுத்தவர் ஹயசாகி ஒசாமு. இருட்டுப் பின்னணியில், ஃபிளாஷ் வெளிச்சத்தில், ஓட்டக்காரர்கள் பாயும் கணம். ஒலிம்பிக்கின் அதிகாரப்பூர்வ போஸ்டர்களில் புகைப்படம் முதன்முதலாக இடம்பெற்றது இந்த வரிசையில்தான். அச்சிட்ட முறை பலவண்ண கிராவியூர், அதாவது செம்பு உருளையில் குழிகள் உண்டாக்கி அவற்றில் மை நிரப்பி அச்சிடும் முறை. இதுவும் ஐரோப்பியச் சரக்குதான். பொஹீமியாவில் பிறந்த காரெல் கிளிச் 1879இல் வியன்னாவில் உருவாக்கி, பின்னர் இங்கிலாந்தின் லங்காஸ்டரில் உருளை இயந்திரத்துக்கு ஏற்றிய முறை.

மறுபதிப்புகளுக்குப் பெரும்பாலும் பயன்படும் ஆஃப்செட் அச்சில் (தட்டிலிருந்து ரப்பர் பரப்புக்கும், அதிலிருந்து காகிதத்துக்கும் மை மாறும் முறை) மைப்படலம் எங்கும் ஏறக்குறைய ஒரே கனம், சுமார் 1 மைக்ரான். கருமை வேண்டிய இடத்தில் புள்ளி பெரிதாகும், அவ்வளவுதான். அன்றைய கிராவியூரில் புள்ளியின் அளவு மாறாது, மாறுவது ஆழம். செம்பு உருளையில் சின்னஞ்சிறு சதுரக் குழிகள். வெளிர் பகுதியில் ஓரிரு மைக்ரான் ஆழம், கரும்பகுதியில் 35 முதல் 40 மைக்ரான் வரை. குழி நிறைய மை இறங்கிக் காகிதத்தில் ஏறினால், கரைப்பான் ஆவியாகிய பிறகும் நிறமி தடித்த படலமாக நிற்கும். உள்ளே நுழைந்த ஒளி திரும்பி வர வழி குறைவு. நீங்கள் கண்ட ஆழம் அதுதான்.

சரி, ஒரே உருளையில் இத்தனை ஆழ வேறுபாட்டை எப்படி வெட்டுவது? வெட்டுவதே இல்லை, எல்லாம் ஊறவைக்கும் வேலை.

செம்பழுப்பு நிறமி கலந்த ஜெலட்டின் பூசிய தாளை 3 முதல் 4 சதவீதப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் நனைத்துக் காயவைப்பார்கள். புற ஊதா ஒளி பட்டால் குரோமியம் ஒடுக்கமடைந்து ஜெலட்டின் இழைகளைப் பிணைத்துவிடும். அந்த இடம் வெந்நீரில் கரையாது. இருட்டில் வைத்தாலும் இந்தப் பிணைப்பு மெல்ல நடந்துகொண்டே இருக்கும் என்பதால், தயாரித்த தாளை நாட்கணக்கில் சேமிக்க முடியாது.

முதல் ஒளியூட்டல், குறுக்கும் நெடுக்குமாக ஒளிபுகும் கோடுகள் கொண்ட கண்ணாடித் திரை வழியாக. சென்டிமீட்டருக்குச் சுமார் 60 கோடுகள். கோடுகள் முழுக்க இறுகிப் பிற்பாடு குழிகளுக்கு நடுவே சுவராகும். அடுத்த ஒளியூட்டல் படத்தின் பாசிட்டிவ் (இருளும் வெளிச்சமும் தலைகீழாகாத ஃபிலிம்) வழியாக. வெளிர் பகுதியில் ஒளி ஏராளம், ஜெலட்டின் ஆழம்வரை இறுகும்; கரும்பகுதியில் மேல்தோல் மட்டும் இறுகும். இறுகிய பக்கம் மேலே இருப்பதால் அப்படியே கழுவினால் அடியிலுள்ள இளகிய ஜெலட்டின் கரைந்து படம் முழுவதும் பிய்ந்துபோகும். ஆகவே தாளைக் கவிழ்த்துச் செம்பில் ஒட்டி, வெந்நீரில் காகிதத்தை உரித்து, இளகியதைக் கழுவி எடுக்கிறார்கள். செம்பின்மேல் மேடுபள்ளமான ஜெலட்டின் மட்டும் மிஞ்சும்.

இனி ஃபெரிக் குளோரைடு. செம்பை அரிக்கும், ஆனால் ஜெலட்டினை ஊடுருவிய பிறகே. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. அடர்த்தியான கரைசல் வேகமாக அரிக்கும் என்றுதானே நினைப்போம்? இங்கே தலைகீழ். அடர் கரைசலில் தண்ணீர் குறைவு. ஜெலட்டின் ஊறி உப்பாது, வழிவிடாது. 43 டிகிரி போமே (திரவ அடர்த்தியின் ஓர் அளவை) அடர்த்தியில் தொடங்கினால் மெல்லிய ஜெலட்டின் உள்ள கரும்பகுதி மட்டும் அரிபடும். பிறகு படிப்படியாகத் தண்ணீர் சேர்த்து 38 வரை இறங்கினால், தடித்த பகுதிகளும் ஒவ்வொன்றாகத் திறக்கும். முதலில் திறந்த குழி நீண்ட நேரம் அரிபட்டு ஆழமாகிறது. கடைசியில் திறந்தது மேலோட்டமாக நிற்கிறது. தண்ணீர் சேர்ப்பதைத் தாமதித்தால் கருங்குழிகள் பக்கவாட்டிலும் அரித்துச் சுவர் சரியும். நிழலில் விவரமே மிஞ்சாது. அவசரப்பட்டால் வெளிர் பகுதி ஆழமாகி, வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் படரும். அறையின் ஈரப்பதம் மாறினாலும் கணக்கு தப்பும். செம்பின் நிறம் கறுப்பதைப் பார்த்தே அடுத்த அடர்த்திக்கு மாற்றிய தொழிலாளியின் பெயர் எந்த அருங்காட்சியகப் பலகையிலும் இருப்பதில்லை. போஸ்டரைச் சேகரிக்கச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை இந்தக் கைத்திறனைப் பதிவுசெய்யவும் ஒதுக்கலாம்.

அச்சு இயந்திரத்தில் உருளை மைத்தொட்டியில் முழுகி எழும். மெல்லிய எஃகு பிளேடு மேற்பரப்பை வழித்தெடுக்கும். ரப்பர் உருளை காகிதத்தை அழுத்தும். பிளேடின் அடியில் ஒரு தூசி சிக்கினால் போதும், தாள் நெடுகக் கோடு விழும். காகிதம் சொரசொரப்பாக இருந்தால் ஆழமற்ற குழிகளைத் தொடாமல் வெளிர் பகுதியில் வெண்புள்ளிகள் தோன்றும். படத்தோடு எழுத்தும் திரைக்குள் நுழைவதால் சிறிய எழுத்தின் ஓரம் ரம்பப்பல் போலாகும். கமெகுராவின் தடித்த பெரிய எழுத்துகளுக்கு இதனால் சேதமில்லை.

மறுபதிப்புகள் பெரும்பாலும் ஆஃப்செட். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை வைத்துப் பாருங்கள். ரோஜா இதழ்போல் சிறிதும் பெரிதுமாகப் புள்ளிகள் தெரிந்தால் மறுபதிப்பு. நடுச்சாயலில் (மிதமான கருமை உள்ள இடத்தில்) சம அளவுச் சதுரங்கள், மை அடர்த்தி மட்டும் கூடிக்குறைந்தால் கிராவியூர். அடர்கறுப்பில் தேடாதீர்கள், அங்கே மை சுவரைத் தாண்டிப் பரவிக் கட்டத்தையே மூடியிருக்கும். சட்டம் போடுவதாக இருந்தால் அளவையும் கவனியுங்கள்: ஜப்பானிய பி1 தாள் 728 × 1030 மில்லிமீட்டர், சர்வதேச பி1 சட்டமோ 707 × 1000. மூலப் போஸ்டர் அதற்குள் அடங்காது.